ஆங்கிலத்துக்கு இரண்டை அமுக்கவும்

பா நேபாவின் தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. அங்கே உட்கார்ந்துகொண்டு போனில் யாரும் ஒன்றை அமுக்கக் கூடாது.

வேறு எதை வேண்டுமானாலும் செய்யலாம். தைக்கக் கொடுத்த கால்சட்டையை மறந்துபோய் மழைக்காலம் முடிந்து வந்து கேட்கலாம். பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கலாம். ஆனால் டெலிபோன் கம்பெனியைக் கூப்பிட்டு, "பிரெஞ்சுக்கு ஒன்றை அமுக்கவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அமுக்கவும்" என்று அந்தப் பெண் குரல் சொல்லும்போது மட்டும் விரல் இரண்டுக்குத்தான் போக வேண்டும். மீறுகிறவருக்குப் பா நேபா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசலைக் காட்டுவார்.

கடை இருந்தது பிரெஞ்சு பேசும் டுவாலா நகரத்தில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, போனாபெரியில். இங்கிலீஷ் பேசும் பமெண்டா மலைப்பக்கம் குழப்பம் வந்து, வீடு வாசலை விட்டு இறங்கி வந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தெருக்களில்தான் ஒண்டியிருந்தார்கள். பா நேபாவும் அப்படி வந்தவர்தான். கடைக்குத் துணியோடு வருகிறவர்களைவிட வெறும் வாயோடு வருகிறவர்கள் அதிகம். பேச்சு எதில் தொடங்கினாலும் டெலிபோன் கம்பெனியில் வந்து நிற்கும். அரசாங்கத்தைத் திட்டினால் யார் காதிலாவது விழும். கம்பெனியைத் திட்டினால் கம்பெனிக்காரன் காதில்கூட விழாது.

"ஒண்ணை அமுக்கினா ஆளு வருது, ரெண்டை அமுக்கினா பாட்டு வருது" என்பான் டாக்சி ஓட்டும் தாம்ஃபு. "நம்மாளுங்களுக்கு ஆட்டம் போதும்னு நெனச்சுட்டானுங்க."

"நான் ஒண்ணை அமுக்கிட்டு நம்ம தெரு இங்கிலீஷ் பிட்ஜின்லயே திட்டுவேன்" என்பான் இன்னொருவன். "அவனுக்கு நல்லாப் புரியும். புரியாத மாதிரி மெர்சி மெர்சின்னுவான்."

எதிரே மீன் சுட்டு விற்கும் மா கெங்னே பிரெஞ்சு பேசுகிற பக்கத்துக்காரி. தெருவிலேயே பா நேபாவின் சட்டத்தை மனதார மதித்தவள் அவள் ஒருத்திதான். மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். "ரெண்டை அமுக்கி அவன் காதுல வெச்சிருவேன். அந்தம்மா சாரி கேக்குறதையே பத்துத் தடவை கேட்டு இப்ப நல்லா சாரி கேக்குறான். ட்யூஷன் மிச்சம்" என்பாள். பா நேபாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

சிரித்து முடித்ததும் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "நீங்க எல்லாரும் ஒண்ணு ஒண்ணுன்னு ஓடினா அவன் ரெண்டை மூடிருவான். அப்புறம் இங்கிலீஷ் பேசுறவனே நாட்டுல இல்லைன்னு எழுதிக்குவான். ரெண்டை அமுக்குங்க, எவ்வளவு நேரமானாலும் வைக்காதீங்க. அங்க என் பொண்ணு இருக்கா. எடுப்பா."

அவருடைய பெண் சுவிரி, வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வரும்போதெல்லாம் இந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கடையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போவாள். யாராவது, "சுவிரி, நேத்து ரொம்ப நேரம் புடிச்சிட்டு இருந்தேன், நீ எடுக்கவே இல்லையே" என்று கேட்டால், "ரொம்பக் கூட்டம்ணே" என்பாள்.

உண்மை என்னவென்றால், இரண்டில் யாருமே இல்லை.

அவளை வேலைக்கு எடுத்தது என்னவோ இரண்டுக்குத்தான். அப்போது ஒன்றுக்கு நாற்பது நாற்காலி, இரண்டுக்கு மூன்று நாற்காலி. மூன்று பேர் எத்தனை பேருக்குப் பதில் சொல்வார்கள்? காத்திருந்து காது வலித்த ஜனங்கள் ஒன்றை அமுக்கி, வாய்க்கு வந்த பிரெஞ்சில் காரியத்தை முடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் எசோம்பா அறிக்கையைப் பார்த்தார். இங்கிலீஷ் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு நாற்காலியைத் தூக்கினார். அதனால் காத்திருப்பு நீண்டது, ஜனங்கள் மேலும் குறைந்தார்கள், அடுத்த நாற்காலியும் போனது. கடைசியாக மிஞ்சிய ந்டிப் என்ற பெரியவர் உடம்புக்கு முடியாமல் விடுப்பில் போனபோது அவர் இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. இரண்டு மொழியும் சமம் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே, அதனால் அந்தக் குரலை மட்டும் விட்டுவைத்தார்கள். இரண்டை அமுக்கினால் பாட்டு வரும். எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள், மன்னிக்கவும் என்று வரும். மறுபடி பாட்டு வரும். பிறகு தானாகவே அறுந்துவிடும்.

சுவிரியை ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்குப் பெயரும் மாறியது. "சுவிரின்னா எந்தப் பக்கத்து ஆளுன்னு உடனே தெரிஞ்சிடும். இந்த நேரத்துல எதுக்கு வம்பு" என்று எசோம்பா அவளுக்கு சாண்ட்ரின் என்று பெயர் வைத்தார். கெட்ட மனிதரில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருகிறவர். ஒன்றில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் விதித்த விதி ஒன்றே ஒன்று: பேசுகிறவர் இங்கிலீஷுக்கோ பிட்ஜினுக்கோ தாவினால் பதில் சொல்லக் கூடாது, மரியாதையாக இரண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். தன் மொழியில் சேவை பெறுவது வாடிக்கையாளரின் உரிமையாம். அந்த உரிமையோடு ஒரு நாளைக்கு எத்தனையோ பேரை அவர்கள் பாட்டுக் கேட்க அனுப்பினார்கள்.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அதோடு போயிருக்கும். ஆனால் வேலை கிடைத்த அன்று அவர் கடை வாசலில் பெஞ்சுகளைப் போட்டு, கோழி அடித்து, தெருவுக்கே சோறு போட்டவர். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். ஒரு வாரம் தள்ளினாள். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

பா நேபாவுக்கு ஒன்றின் மேல் அப்படி என்ன கோபம் என்று தெருவில் பலருக்குத் தெரியாது. சுவிரிக்குத் தெரியும். அது அவள் தம்பி சென்வி விஷயம்.

போன வருஷம் மழை விட்ட நேரத்தில், ஊரில் விட்டு வந்த நல்ல மிஷினை எடுத்து வருகிறேன் என்று சென்வி பமெண்டாவுக்குப் போனான். திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தி நான்கு பேரை இறக்கினார்கள். அவன் மூன்றாவது ஆள். இறக்கியது பட்டாளமா, அதோடு சண்டை போடும் காட்டுப் பையன்களா என்பதில் பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மிஷின் மட்டும் பத்திரமாக பஸ் கூரையில் வந்து சேர்ந்தது.

பா நேபா போலீஸ் சாவடிக்குப் போனார். அதிகாரி பிரெஞ்சில் கேட்டார், பிரெஞ்சில் எழுதினார், மளமளவென்று பிரெஞ்சில் படித்துக் காட்டி, சரிதானே என்றார். மகனைத் தேடப்போகிறார்களே என்ற நினைப்பில் இவர் வீ, வீ என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நகலை சுவிரி வீட்டில் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மகன் தன் விருப்பப்படி வீட்டை விட்டுப் போனான், குடும்பத்துக்கு யார் மேலும் புகார் இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை நடந்தும் அந்தச் சாவடியில் யாரும் அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை. அன்றிலிருந்து பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்துகொண்டார்.

சென்வியிடம் மிஞ்சியது அவன் போன் நம்பர்தான். அது அப்பாவின் அடையாள அட்டையில் வாங்கிய நம்பர். அம்மா தினமும் காலையில் அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் அந்த நம்பரைக் கூப்பிடுவாள். நீங்கள் அழைக்கும் எண்ணை இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை என்று இரண்டு மொழியிலும் வரும். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். "இப்ப முடியலைன்னுதானே சொல்றா" என்று சொல்லிக்கொண்டே தீப்பெட்டியைத் தேடுவாள். வீட்டில் யாரும் அதற்கு எதிர்வார்த்தை பேசுவதில்லை.

மழை மறுபடி பிடித்த சமயம், அப்பாவின் போனுக்குப் பிரெஞ்சில் ஒரு செய்தி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சுவிரி கையைத் துடைத்துவிட்டுப் படித்தாள். சென்வியின் நம்பர் ரொம்ப நாளாகப் பயன்படாமல் கிடக்கிறது, ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது.

அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எடுத்துட்டா அவன் எப்படிக் கூப்புடுவான்? நான் எதைக் கூப்புடுவேன்?"

"எடுக்கமாட்டாங்க" என்றார் அப்பா. "காசு போட்டு விடுவோம்."

"காசு போட்டா ஆகாதுப்பா. அந்த சிம்லேருந்து பேசியிருக்கணும். இல்லேன்னா நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்களே கூப்பிட்டுச் சொல்லணும்."

"அவ்வளவுதானே. நான் கூப்புடுறேன். நீ எடு."

"வீட்டு நம்பரை நான் தொடக் கூடாதுப்பா. தொட்டா வேலை போயிடும்."

"நீ தொட வேணாம். அந்த ந்டிப் இருக்காரே, நம்ம பக்கத்து ஆளு, அவர்ட்ட சொல்லி வை. நான் ரெண்டை அமுக்கி அவர்ட்ட பேசுறேன்."

ந்டிப் விடுப்பில் போய் வருஷமாகப் போகிறது. சுவிரி, சரிப்பா என்றாள்.

மறுநாளே பா நேபா கடையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் போன், ஒரு கையால் துணி. கை வலித்தால் அம்மா வாங்கிக்கொள்வாள். பாட்டு அறுந்துபோனால் மறுபடி கூப்பிடுவார்கள். கம்பெனியின் கடைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். சிம்மைக் கொண்டு வந்தால்தான் ஆகும் என்றாள் அங்கே இருந்த பெண். சிம் இருக்கும் இடம் தெரிந்தால் நான் ஏனம்மா இங்கே வருகிறேன் என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் சுவிரி வந்ததும், "இன்னிக்கும் கூட்டமா?" என்று கேட்பார். கோபமே இருக்காது. "நல்லதுதான். நம்மாளுங்க நெறையப் பேர் அமுக்குறாங்கன்னு அர்த்தம்" என்பார். சுவிரி நிற்காமல் உள்ளே போய்விடுவாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. எசோம்பாவிடம் போய், ஒரே ஒரு நாள் தன்னை இரண்டில் உட்காரவிடும்படி கேட்டாள்.

"ரெண்டுலயா? அங்க யாரு கூப்புடுறா?" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பாரு. போன மாசம் ரெண்டுல பேசினவங்க ஒருத்தர்கூட இல்லை."

"எடுக்க ஆள் இருந்தாத்தானே சார் பேசினதாக் கணக்கு வரும்."

"அதான் ஆளே போடலை" என்றார் அவர், அவளுக்கு இது ஏன் புரியவில்லை என்ற வருத்தத்தோடு.

பக்கத்து இருக்கைப் பெண்ணை விட்டு ரகசியமாகச் செய்யச் சொல்லலாம் என்று பார்த்தாள். உரிமையாளரின் குரல் பதிவு இல்லாமல் முடியாது என்று அவள் கையை விரித்துவிட்டாள். ஆக, வழி ஒன்றுதான். அப்பா ஒன்றை அமுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது துணிந்து கேட்டாள். "அப்பா, இந்த ஒரு தடவை ஒண்ணை அமுக்கிப் பாருங்களேன். மெதுவாப் பேசினா அவங்களுக்கும் புரியும்."

அவர் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார். "என் பிள்ளைக்காக ஒரு தடவை பிரெஞ்சுல தலையாட்டினேன். அவன் தானா ஓடிப்போனான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். மறுபடியும் நான் எதுக்கு ஆமாம்னு சொல்லித் தொலைப்பேனோ." பிறகு அவள் தலையில் கையை வைத்தார். "நீ அங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம், சொல்லு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அம்மா உள்ளேயிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், இவள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நாளைக்கு நாளைக்கு என்றே மிச்ச நாட்களும் போயின.

கெடு முடிந்து சில நாள் ஆகியிருந்தது. அன்று காலையிலிருந்து கொட்டுகிற மழை. கால் சென்டரில் அது மதிப்பெண் போடும் நாள். எசோம்பா தலையில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். சுவிரியின் முறை வந்தது. மணி அடித்தது. திரையில் அப்பாவின் நம்பர் இருந்தது.

நாற்பது பேரில் அவளுக்கு வந்து விழுந்தது. பொத்தானை அமுக்கத்தான் வேண்டும். "வணக்கம், என் பெயர் சாண்ட்ரின். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள்.

"வணக்கம்... மேடம்." அப்பாவின் பிரெஞ்சு. சாவடிக்குப் போன நாளுக்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. "நான் பிரெஞ்சு கொஞ்சம். மெதுவாய்... தயவு."

"சொல்லுங்கள், ஐயா."

"என் மகன் நம்பர். நெடுநாள் பேசாது. இன்று காலை... மணி அடிக்கிறது. ஒரு ஆள் அல்லோ சொல்கிறான். வெட்டுகிறான்." அவர் மூச்சு வாங்கினார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. எந்த ஊர்னு கேளுங்க, எந்த ஊர்ல இருக்கான்னு கேளுங்க என்று அவள் அழுகையும் சிரிப்புமாக அரித்துக்கொண்டிருந்தாள். "மேடம், என் மனைவி ரொம்ப சந்தோஷம். நம்பர் எங்கே இருக்கிறது? எந்த ஊர்?"

சுவிரி நம்பரைத் தட்டினாள். தட்டும் முன்பே தெரியும். கெடு முடிந்ததும் நம்பரை எடுத்துவிட்டார்கள். முந்தின நாள், வடக்கே தூரத்தில் இருக்கும் கரூவாவில் ஒரு கடையில் புது சிம்மாக யாரோ ஒருவர் வாங்கியிருந்தார். பெயர் இருந்தது, பிறந்த வருஷம் இருந்தது. சென்வியைவிட இரண்டு வயது சின்னவன்.

ஒரு வார்த்தை பிட்ஜினில் பேசினால் எசோம்பா அப்பாவை இரண்டுக்கு அனுப்பச் சொல்வார். அங்கே பாட்டுதான். அவர் கையை இந்த அளவுக்காவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமானால் அவள் சாண்ட்ரினாகவே இருக்க வேண்டும். இதையெல்லாம் அவள் யோசித்தாள். வேலை போய்விடும் என்றும் யோசித்தாள். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

"ஐயா, அந்த எண் திரும்பப் பெறப்பட்டு, மற்றொரு வாடிக்கையாளருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது."

"இல்லை புரியுது. மறுபடி."

"அந்த எண் இப்போது வேறு ஒருவருடையது."

"ஆமாம், வேறு ஆள் கையில். அவன் என் மகனைப் பார்த்தான்? அவன் மகனிடம் எடுத்தான்?"

"எடுக்கவில்லை, ஐயா. நேற்றுக் கடையில் வாங்கியிருக்கிறார். புதிய சிம். அவருக்கும் உங்கள் மகனுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது."

தொடர்பு என்ற சொல் அவருக்குத் தெரியவில்லை. அதையே இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். எசோம்பா பேனாவால் மேஜையைத் தட்டி, எளிமையாகச் சொல் என்று சைகை காட்டினார்.

"அது உங்கள் மகன் இல்லை" என்றாள் சுவிரி.

மகன் தெரியும், இல்லை தெரியும். அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா பின்னால், என்ன சொல்றா, என்ன சொல்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் ரெண்டு அமுக்கினேன், மேடம்" என்றார் அவர். "நிறைய நாள். நம்பர் எடுக்காதே என்று சொல்ல. யாரும் இல்லை." பிறகு ஏதோ நல்ல யோசனை வந்துவிட்டவராக, "ரெண்டில் என் மகள் வேலை. சுவிரி. நல்ல பெண். அவளைக் கூப்பிடு, தயவு. அவள் எனக்கு எங்கள் பேச்சில் சொல்வாள்" என்றார்.

எசோம்பா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "அனுப்பிடு. ரெண்டுக்கு அனுப்பிடு" என்று வாயசைத்தார்.

அவள் விரல் பொத்தான் மேல் இருந்தது. அமுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, தொண்டையிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அது அதற்குள் மறுமுனைக்குப் போய்விட்டது.

அங்கே மழை தகரக் கூரையில் விழுவது கேட்டது. அது அவள் வீட்டுக் கூரை.

அப்புறம் அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேச்சில், அம்மாவுக்குக்கூடக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "அழாதம்மா. வேலை போயிடும்."

உடனே குரலை உயர்த்தி, "நன்றி, மேடம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"கடைசியில என்னமோ முணுமுணுத்தாரே, என்ன?" என்றார் எசோம்பா.

"நன்றின்னு சொன்னார், சார்."

"பொறுமைக்கு முழு மதிப்பெண். ஆனா மகள் அது இதுன்னு ஆரம்பிச்சப்பவே ரெண்டுக்கு அனுப்பியிருக்கணும்" என்று குறித்துக்கொண்டு நாற்காலியை அடுத்த இருக்கைக்கு இழுத்தார். சுவிரிக்கு அடுத்த மணி அடித்தது. வணக்கம், என் பெயர் சாண்ட்ரின் என்றாள்.

சாயங்காலம் மழை விடவில்லை. பாலத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது அவளுக்கு. கடையில் யாரும் இல்லை. அப்பா மிஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார். சென்வி எடுத்து வரப் போன மிஷின் அது. உள்ளேயிருந்து மஞ்சள் குழம்பின் வாசனை வந்தது. சேப்பங்கிழங்கு இடிக்கும் சத்தம் அப்போதுதான் நின்றிருந்தது. அது சென்விக்குப் பிடித்த சாப்பாடு. அவன் போனதிலிருந்து அம்மா அந்த உரலைத் தொட்டதில்லை.

சுவிரி அப்பாவின் முன்னால் போய் நின்றாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது.

"நனைஞ்சுட்ட. தலையத் துவட்டு" என்றார்.

"அப்பா, நான்..."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

அவர் தலையாட்டினார். துணியை எடுத்தார், மறுபடி வைத்தார். தெருவில் இத்தனை பேரை இரண்டை அமுக்கச் சொன்னேனே என்றோ, என்னிடம் பொய் சொன்னாயே என்றோ கேட்கவில்லை. "உங்கம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. சுவிரி வந்து சொல்லுவா, அவங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். "அந்த மேடம் சொன்னதை என்னால திருப்பிச் சொல்ல முடியலை. நீ போய் நம்ம பேச்சில சொல்லு."

உள்ளே அம்மா நல்ல துணி உடுத்தியிருந்தாள். நான்கு தட்டு எடுத்து வைத்திருந்தாள். "வாடி, வா. அப்பா சொன்னாரா? மணி அடிச்சுது. குரலைக்கூடக் கேட்டேன். கொஞ்சம் மாறியிருக்கு, சளி போல. பிரெஞ்சுல அல்லோங்கிறான். பக்கத்துல யாராவது இருந்திருப்பாங்க, பயந்துட்டு வெச்சுட்டான். எந்த ஊராம்?"

"அம்மா, உக்காருங்க."

"உக்காந்துக்கிறேன். ஊரைச் சொல்லு."

சுவிரி சொன்னாள். நின்றுகொண்டே, எதையும் மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். கெடு முடிந்ததை, கரூவாவை, கடையில் சிம் வாங்கிய பையனை. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கணக்கைச் சொல்லும்போது புரிந்துகொள்ளப் பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்திருக்கமாட்டாங்களா?"

"எடுத்திருக்கமாட்டாங்கம்மா. ஒண்ணை அமுக்கிச் சொல்லியிருக்கணும். ரெண்டுல யாருமே இல்லை. நானும் அங்க இல்லை. ரொம்ப நாளாவே இல்லை."

அம்மா மெதுவாகக் கரண்டியைக் குழம்புக்குள் வைத்தாள். அடுப்புப் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"ஆனா நாங்க ரெண்டைத்தானேடி அமுக்கிட்டு இருந்தோம்" என்றாள். "நீ எடுப்பேன்னு."